அடைக்கலம் தருவோரும் ஆய்வுக்கு உட்பட்டவரே

தில்லி செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் தொடங்கும் முனையில் சமணர்களின் லால் மந்திர் உள்ளது. அதன் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது. பட்டத்து நூலில் சிறகறுந்த புறாக்களும், மின்விசிறியில் அடிபட்ட குருவிகளும், வெயிலில் சுருண்டு விழுந்த கிளிகளும் அங்கே கொண்டுவரப்படுகின்றன. கட்டணம் கிடையாது. உயிர்க்கொலை கூடாது என்னும் சமய நெறியிலிருந்து பிறந்த இந்தத் தொண்டை வியக்காதவர் இல்லை.

ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. கழுகு, பருந்து போன்ற ஊனுண்ணும் பறவைகளுக்கு உள்நோயாளியாக இடம் இல்லை. அவற்றுக்கு இறைச்சி ஊட்டுவதை நெறி அனுமதிக்காது என்பதே காரணம். அடிபட்ட ஒரு பருந்துக்கு இவ்வாறு இடம் கிடைக்காமற் போனதைக் கண்ட வசீராபாத் சகோதரர்கள் இருவர், தங்கள் வீட்டின் அடித்தளத்திலேயே பருந்துகளுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினர். அவர்களைப் பற்றி எடுக்கப்பட்ட 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பருந்து செய்த குற்றம் பருந்தாய்ப் பிறந்ததுதான்.

சமயத்தின் பெயரால் நடத்தப்படும் எந்தப் புகலிடத்தைப் பற்றிப் பேசினாலும் இந்தப் பருந்து நினைவுக்கு வந்தாக வேண்டும். வதைபட்ட குழந்தைகளுக்கும் கைவிடப்பட்ட விலங்குகளுக்கும் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை அமைத்து, பயிரும் பாலும் பிரார்த்தனையுமாக அவர்களை ஆற்றித் தேற்ற வேண்டும் என்ற எண்ணம் பக்தியுள்ள பலருக்கும் எழுவதுண்டு. ஆசிரமக் கோசாலையாகவும், திருச்சபைப் பண்ணையாகவும், குருத்வாராவின் சேவை நிலமாகவும் அது வடிவெடுக்கிறது. எண்ணம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அந்தப் பண்ணையின் வாயில் யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது, உள்ளே நடப்பதை வெளியிலிருந்து யார் பார்க்க முடியும் என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

குழந்தையையும் விலங்கையும் ஒரே மூச்சில் பேசுவதா என்று முகம் சுளிப்பவர்கள் வரலாற்றைப் பார்க்கலாம். 1874-இல் நியூயார்க்கில் வளர்ப்புத் தாயால் வதைக்கப்பட்ட ஒரு சிறுமியை நீதிமன்றம் வரை கொண்டுசென்று மீட்க உதவியவர், அந்நகரின் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க். அப்போது அங்கே விலங்குகளுக்குச் சங்கம் இருந்தது, குழந்தைகளுக்கு இல்லை. இந்தியாவிலும் கதை இதுதான். கல்கத்தாவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1861-இலேயே தோன்றிவிட்டது. மாகாண அளவில் குழந்தைகளுக்கென முதல் சட்டம் வந்தது 1920-இல், சென்னை மாகாணத்தில். விடுதலைக்குப் பின்னர் அநாதை இல்லங்களைக் கண்காணிக்கும் சட்டத்தையும் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தையும் நாடாளுமன்றம் ஒரே ஆண்டில், 1960-இல் இயற்றியது. பின்னதற்கு வித்திட்டவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது. பிறகே ஹரியாணா மாநிலம் வல்லப்கட்டுக்கு மாற்றப்பட்டது.

சர்க்கஸ் கூடாரம் இந்த உறவுக்கு இன்னொரு சான்று. ஒரே கூடாரத்தில், ஒரே சாட்டையின் கீழ் சிங்கமும் சிறுமியும் ஆடினர். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிப்படுத்த மத்திய அரசு 1998-இல் தடை விதித்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே கூடாரங்களிலிருந்து குழந்தைகளை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2011 ஏப்ரலில். சிங்கம் விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கழித்தே சிறுமி விடுதலை பெற்றாள்.

ஆகவே இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஆற்ற நினைப்பது விந்தையான கற்பனை அல்ல. முன்னோடிகளும் உண்டு. அவர்களில் முதலில் சொல்லத்தக்கவர் பண்டித ரமாபாய்.

பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, நாடெங்கும் கால்நடையாய் அலைந்து, சம்ஸ்கிருதப் புலமையால் 'பண்டிதா' பட்டம் பெற்ற ரமாபாய், இங்கிலாந்தில் கிறிஸ்தவரானார். 1889 மார்ச்சில் பம்பாயில் இளம் விதவைகளுக்காக அவர் தொடங்கிய 'சாரதா சதன்', அமெரிக்க நன்கொடையில் நடந்தாலும், சமயப் பிரசாரம் செய்யாது என்ற உறுதிமொழியுடன் பிறந்தது. ரானடே, பண்டார்கர் போன்ற இந்து சீர்திருத்தவாதிகள் அதன் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். நிறுவனம் அடுத்த ஆண்டே புணேவுக்கு மாறியது. ரமாபாயின் பிரார்த்தனையில் மாணவிகள் சிலர் கலந்துகொள்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் திலகரின் 'கேசரி' கொதித்தது. 1893-இல் ஆலோசகர்கள் விலகினர். பெற்றோர் பலர் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர்.

பின்னர் 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்கு நேரில் சென்று, பசியாலும் அதைவிடக் கொடிய மனிதர்களாலும் சூழப்பட்ட சிறுமிகளை நூற்றுக்கணக்கில் அவர் மீட்டு வந்தபோது, அவர்களைக் குடியமர்த்த இடமாக இருந்தது புணேவுக்கு அருகே கேட்காவில் வாங்கிப் போட்டிருந்த நிலம். கிணறு வெட்டினார்கள், உழுதார்கள், மாடு வளர்த்தார்கள், நெய்தார்கள், செக்கு ஆட்டினார்கள், அச்சகம் வைத்தார்கள். 'முக்தி' என்று பெயரிடப்பட்ட அந்தப் பண்ணையில் 1900-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருந்தனர். இங்கே சமயநடுநிலை என்ற உறுதிமொழி இல்லை. முக்தி வெளிப்படையாகவே கிறிஸ்தவ நிறுவனம். முக்தி இன்றும் இயங்குகிறது.

ரமாபாயைப் பழித்தவர்களுக்கு ஒரு பதில் உண்டு: அவர் சென்ற பஞ்சப் பகுதிகளுக்கு அவர்கள் செல்லவில்லை. அவரைக் கொண்டாடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. சாரதா சதனில் ரானடேவும் பண்டார்கரும் உள்ளே எட்டிப் பார்க்கும் உரிமை பெற்ற வெளியாட்கள். கேட்காவில் அத்தகைய கண்கள் இல்லை. நிறுவனரின் நற்குணமே அங்கே தணிக்கை அதிகாரியாக இருந்தது. ரமாபாய் போன்றவரிடம் அது போதுமானதாக இருந்திருக்கலாம். எல்லோரும் ரமாபாய் அல்லர். இடையில் சொல்ல வேண்டிய நல்ல செய்தி, சாரதா சதனின் முதல் விதவை மாணவியான கோதுபாயை 1893-இல் மணந்துகொண்ட தோண்டோ கேசவ் கார்வே, 1896-இல் புணேவில் இந்து விதவையர் இல்லச் சங்கத்தைத் தொடங்கினார் என்பது. விலகிப்போய் வசைபாடுவதற்குப் பதிலாகத் தாமும் ஓர் இல்லம் கட்டுவதே நல்ல போட்டி.

அமிர்தசரஸின் பகத் பூரண் சிங் மற்றொரு வகை. இந்துக் குடும்பத்தில் பிறந்து சீக்கியரான அவர், 1934-இல் லாகூர் குருத்வாரா ஒன்றில் விட்டுச்செல்லப்பட்ட, உடல் ஊனமுற்ற சிறுவன் ஒருவனை எடுத்து, பதினான்கு ஆண்டுகள் தம் தோளிலேயே சுமந்தார். நாட்டுப் பிரிவினையின்போது அந்தச் சிறுவனைச் சுமந்தபடியே அமிர்தசரஸ் வந்து சேர்ந்தார். அப்படிப் பிறந்ததுதான் 'பிங்கல்வாடா'. நடந்து செல்லும் வழியில் கிடக்கும் ஆணியையும் கல்லையும் அகற்றுவதும் அவருக்குச் சமயக் கடமைகள். அவர் 1992-இல் மறைந்த பின்னரும் பிங்கல்வாடா வளர்ந்து, இயற்கை வேளாண் பண்ணையையும் நடத்தி வருகிறது. உள்ளே வருபவரின் சமயம் அங்கே கேட்கப்படுவதில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், ஹேமல்கசா என்னும் வனக் கிராமத்தில் பாபா ஆம்தேயின் மகன் டாக்டர் பிரகாஷ் ஆம்தேயும் அவர் மனைவி டாக்டர் மந்தாகினியும் நடத்திவரும் பணி சமயச் சார்பானதன்று. ஆனால் குழந்தையும் விலங்கும் ஒரே முற்றத்தில் வளர்ந்த இடம் அது. 1973-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாடியா கோண்டு பழங்குடியினர் வேட்டையாடிச் சுமந்து வந்த குரங்கின் மார்பில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்த குட்டியை டாக்டர் கேட்டு வாங்கியதிலிருந்து விலங்குகளின் வருகை தொடங்கியது. பசித்தவனிடம் வேட்டையாடாதே என்று அவர் உபதேசிக்கவில்லை. குட்டிகளுக்கு மாற்றாக உணவு கொடுத்தார். 1976-இல் உறைவிடப் பள்ளியும் தொடங்கியது. 2008-இல் தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. காட்டு விலங்குகளை எவரும் தம் விருப்பப்படி வைத்துக் காக்க இன்றைய சட்டம் இடம் தராது; மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். 1970-களின் அந்த முற்றத்தை இன்று ஒருவர் அப்படியே நகல் எடுக்க முயன்றால் வனத்துறை வழக்குத் தொடுக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இதைவிடவும் இறுக்கமானது. இறுக்கமாக இருக்க வேண்டியதும்கூட. கண்ணீரோடு வாசலில் வந்து நிற்கும் குழந்தையை அணைத்து உள்ளே சேர்த்துக்கொள்ளும் உரிமை எந்தத் துறவிக்கும், பாதிரியாருக்கும், மௌல்விக்கும் இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட வேண்டும். எங்கே வைப்பது என்பதைக் குழுதான் முடிவு செய்யும். பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பாலியல் வதை நடந்ததை அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். மன்னிப்பும் மன்றாட்டும் சட்டத்துக்கு மாற்றாகா. இதே சட்டத்தில், காப்பகப் பணியாளரோ சமய நிறுவனத்தின் நிர்வாகியோ பணியாளரோ அந்தக் குற்றத்தைப் புரிந்தால் தண்டனை மேலும் கடுமையாகும்.

இவையெல்லாம் நல்ல மனத்தோடு வருபவரை அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வைக்கும் சிவப்பு நாடா என்ற முணுமுணுப்பு எல்லாச் சமயத்தாரிடமும் கேட்கிறது. இச்சட்டங்கள் எந்த அனுபவத்திலிருந்து பிறந்தன என்பதை முணுமுணுப்போர் மறந்துவிடுகின்றனர். மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக 2007-இல் வெளியான செய்தியை அடுத்து உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்கில், பத்தாண்டுகள் கழித்து, 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் நாட்டின் எல்லாக் குழந்தைகள் இல்லங்களையும் பதிவு செய்ய நீதிமன்றம் ஆணையிட்டது. மத்திய அரசு மேற்கொண்ட கணக்கெடுப்பில் தெரியவந்த இல்லங்கள் 9,589. அவற்றில் 91 விழுக்காடு தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் அப்போது பதிவு பெற்றிருந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பதிவு மட்டும் போதுமா என்றால், போதாது. பிகார் மாநிலம் முசாபர்பூர் சிறுமியர் காப்பகம் அரசு மானியத்தில் நடந்தது. அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமிகள் சீரழிக்கப்பட்டதை 2018-இல் வெளிக்கொணர்ந்தது டாடா சமூக அறிவியல் கழகத்தின் சமூகத் தணிக்கை. அந்தக் காப்பகத்தை நடத்தியவர் உள்பட 19 பேரைக் குற்றவாளிகள் என 2020 ஜனவரியில் தில்லி நீதிமன்றம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவர். மற்றொருவர் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி. வேலியும் பயிரும் பற்றிய பழமொழியை இங்கே எழுதவும் கை கூசுகிறது. அதே 2018 ஆகஸ்டில், உத்தரப் பிரதேசத்தின் தேவரியாவில், முந்தைய ஆண்டே உரிமம் ரத்தான ஓர் இல்லத்திலிருந்து தப்பிவந்த சிறுமி சொல்லித்தான் காவல் துறைக்கு விவரம் தெரிந்தது. உரிமம் ரத்தான பின்னரும் அந்த இல்லத்துக்குச் சிறுமிகளை அனுப்பி வந்ததும் காவல் துறையே.

இவ்விரண்டும் சமய நிறுவனங்கள் அல்ல என்று சிலர் நிம்மதி கொள்ளக்கூடும். அதே ஆண்டு ஏப்ரலில், தம் குருகுலத்தில் பயின்ற 16 வயதுச் சிறுமியைச் சீரழித்த குற்றத்துக்காக ஆசாராம் ஜோத்பூர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார். காவி, அங்கி, தலைப்பாகை, அரசு முத்திரை எதுவும் காப்பீடு அல்ல. சமய நிறுவனத்தில் கூடுதல் அபாயம் ஒன்றும் உண்டு. அங்கே வதைக்குள்ளாகும் குழந்தைக்கு, புகார் சொல்வது பாவம் என்றும் தோன்றிவிடும்.

அரசு இந்தப் பிரச்னையை நேர்மையோடு அணுகுகிறதா என்பது அடுத்த கேள்வி. 2018 ஜூலையில், ராஞ்சியில் அன்னை தெரசா சபையின் இல்லமொன்றில் பச்சிளங் குழந்தைகள் விற்கப்பட்டதாகப் புகார் எழுந்து ஓர் அருட்சகோதரியும் பணியாளரும் கைதானவுடன், நாடெங்கும் அச்சபையின் குழந்தைகள் இல்லங்கள் அனைத்தையும் சோதிக்குமாறு அப்போதைய மகளிர், குழந்தைகள் நல அமைச்சர் மேனகா காந்தி மாநிலங்களுக்கு உத்தரவிட்டார். எல்லா இல்லங்களும் ஒரு மாதத்துக்குள் பதிவு பெற வேண்டும் என்றும் அப்போது கூறப்பட்டது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். சோதனை தவறன்று. ஆனால் ஆசாராம் தண்டனைக்குப் பின், ஆசிரமக் குருகுலங்கள் மீது அதே வேகம் பாய்ந்ததாகச் சொல்ல இயலாது. 2021 கிறிஸ்துமஸ் நாளன்று அதே தெரசா சபையின் வெளிநாட்டு நன்கொடை அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, 2022 ஜனவரி முதல் வாரத்தில் உள்துறை அமைச்சகம் அதைத் திரும்ப அளித்தது. சில நாள்களில் மாறிவிடும் முடிவுக்கு என்ன ஆதாரம் இருந்திருக்கும் என்று கேட்பது நியாயமே. ஒரு சமயத்தவரைத் தேடிப் போகும் ஆய்வு குழந்தையைக் காப்பதில்லை. அந்தச் சமயத்தவருக்கு ஆய்வு என்றாலே துன்புறுத்தல் என்று சொல்லிக்கொள்ள வசதி செய்து கொடுக்கிறது.

பசுக்களின் கதை இதன் மறுபக்கம். ராஜஸ்தானில் ஜெய்ப்பூரை அடுத்த ஹிங்கோனியா அரசுக் கோசாலையில் 2016 மழைக்காலத்தில் பணியாளர் வேலைநிறுத்தத்தின்போது, சேற்றிலும் பசியிலும் நூற்றுக்கணக்கில் பசுக்கள் மாண்டன. பின்னர் அது ஹரே கிருஷ்ண இயக்கத்தாரின் பொறுப்பில் விடப்பட்டது. அரசு தோற்ற இடத்தில் பக்தி கைகொடுக்கும் என்பதற்கும் இது சான்று. உத்தரப் பிரதேசத்தில் 2018 டிசம்பரில் நடந்தது எவரும் எண்ணிப் பார்த்திராதது. பயிரை மேய்ந்த தெருமாடுகளைத் தாங்க முடியாமல், அலிகர் பகுதி விவசாயிகள் நூற்றுக்கணக்கான மாடுகளைப் பிடித்து அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்குள் அடைத்தனர். மாடுகள் வகுப்பறையில்; மாணவர்கள் வெளியே. அடுத்த மாதமே கோசாலைகளுக்காக அரை விழுக்காடு வரியை மாநில அமைச்சரவை அறிவித்தது. பிள்ளைகளின் படிப்பு நின்றதற்கு எந்த வரியும் அறிவிக்கப்படவில்லை.

அம்மாநிலம் கோசாலைப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 ரூபாயாக இருந்த மானியத்தை 2023-இல் 50 ரூபாயாக உயர்த்தியது. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்ய' திட்டம், இல்லத்தில் வாழும் குழந்தையின் பராமரிப்புக்கு 2022-இல் வகுத்த தொகை மாதம் 3,000 ரூபாய், நாளொன்றுக்கு நூறு. உணவு, உடை, மருந்து எல்லாம் அதற்குள். மீதியை யார் தருவது? நன்கொடையாளர். இங்கேதான் சமய நிறுவனம் தவிர்க்க முடியாததாகிறது. இங்கேதான் அது தன்னை எவரும் கேள்வி கேட்கலாகாது என்ற துணிவையும் பெறுகிறது. மலிவாகக் காரியம் முடிகிறது என்பதால் அதிகாரிகளும் கண்டுகொள்வதில்லை. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பின், எல்லா வெளிநாட்டு நிதியும் தில்லி நாடாளுமன்றச் சாலையிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் வழியாகவே வர வேண்டும். பெற்ற நிதியைக் களத்திலுள்ள சிறு அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கவும் கூடாது. பணத்தின் பாதையில் காட்டப்படும் இந்த நுட்பமான கவனம் படுக்கையறையின் பூட்டு மீது காட்டப்படவில்லை.

பண்ணை என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அடிபட்டு மிரண்ட சிறுவன், அவனைப் போலவே மிரண்ட கன்றுக்குட்டிக்குப் புல் கொடுத்துப் பழகும்போது இருவரும் தேறுவது உண்மை. அதே சிறுவன் விடியலுக்கு முன் எழுப்பப்பட்டு நாற்பது மாடுகளின் சாணத்தை அள்ளுகிறான் என்றால் அதன் பெயர் வேறு. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்கு உட்பட்டோர் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்களிக்கிறது. ஆசிரமமோ மிஷனோ 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று சொல்லிக்கொள்ளலாம்; சட்டம் சொல்லும் குடும்பம் அதுவன்று. அதேபோல, தெருவிலிருந்து மீட்ட மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுப்பது புண்ணியம் அன்று. புருசெல்லா காய்ச்சலுக்கு அழைப்பு. வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாயைக் குழந்தையின் துணையாக விடுவதும் அத்தகையதே.

பிரார்த்தனைக்கு வருவோம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில், விருப்பமின்றி ஒருவரைச் சமய போதனையில் பங்கேற்கச் செய்யக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. மாணவர் சிறுவராக இருந்தால் காப்பாளரின் இசைவு வேண்டும். கைவிடப்பட்ட குழந்தைக்குக் காப்பாளர் யார்? பெரும்பாலும் அந்த இல்லமே. தன்னிடமே தான் இசைவு பெற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாடு எந்தச் சமயத்துக்கும் பெருமை சேர்க்காது. இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, மாற்றுப் பராமரிப்பில் வைக்கப்படும் குழந்தையின் சமயம், பண்பாடு, மொழிப் பின்னணிக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. கேட்கா சர்ச்சையை நூறாண்டுகளுக்குப் பின்னும் நம்மால் தீர்க்க முடியாததற்குக் காரணம், குழந்தையை எல்லோரும் ஒரு சமயத்தின் எண்ணிக்கையாகவே பார்ப்பதுதான். மதமாற்றம் என்று கூச்சலிடுவோருக்கும் ஆன்ம மீட்பு என்று பூரிப்போருக்கும் இதில் வேறுபாடு குறைவு.

சட்டப்படி ஒவ்வோர் இல்லத்தையும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் ஆய்வுக் குழு பார்வையிட வேண்டும். குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம். கால்நடை மருத்துவர் கட்டாயமில்லை. பண்ணைப் புகலிடங்களுக்கு அவரையும் சேர்ப்பது ஓர் அரசாணையால் முடியக்கூடிய காரியம். 2021 திருத்தத்துக்குப் பின் குழந்தைகள் இல்லங்களின் மேற்பார்வை மாவட்ட ஆட்சியரிடம் வந்திருக்கிறது. பல மாநிலங்களில் மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவரும் அவரே. ஒரே மேசைக்கு வரும் இரண்டு கோப்புகளை ஒன்றாகப் படிக்கப் புதிய சட்டம் தேவையில்லை. ஆய்வு அறிக்கைகளைக் குழந்தைகளின் அடையாளம் நீக்கிப் பொதுவில் வைக்கவும், முசாபர்பூரைப் போல வெளியாரைக் கொண்டு சமூகத் தணிக்கை செய்யவும் மாநில அரசுகளுக்கு இன்றே அதிகாரம் உண்டு. அதற்குரிய செலவு பெரிதன்று. பிகாரில் அந்தக் குழு 110 இல்லங்களைப் பார்வையிட்டது. அவற்றில் பதினேழு இல்லங்களின் நிலை பற்றித் தனியே எச்சரித்தது. அந்த அறிக்கை வந்த பிறகும் அரசு தானாக அசையவில்லை. இதர இல்லங்களின் வழக்குகள் 2018 நவம்பரில் உச்ச நீதிமன்ற ஆணையால்தான் மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றன.

விலங்குகளின் நிலை இன்னும் பின்தங்கியது. 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு விலங்கை வதைத்தவருக்கு முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இதை உயர்த்தி, கொடிய வதைக்குச் சிறைத் தண்டனையும் சேர்க்கும் திருத்த வரைவை மத்திய அரசு 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. கருத்துகளும் வந்து சேர்ந்தன. வரைவு இன்னும் சட்டமாகவில்லை.